அன்னாமேரி அக்காவின் எலும்புக்கு என்ன வயது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எலும்பிலுள்ள தாதுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் அடுத்த வீட்டு அன்னாமேரி அக்கா கோழியைத் துரத்தப் போய், வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். கட்டுரை கதையாகிவிட்டது. பழி கோழிமேல்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மனித எலும்பு என்பது கால்சியமும் பாஸ்பரசும் மட்டுமன்று, துத்தநாகம், ஸ்ட்ரான்சியம், ஈயம் முதலியன துளித்துளியாக...’ (எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.)

2

ஆபரேஷனில் அக்காவின் தொடையெலும்பு முனையை எடுத்துவிட்டு, செயற்கையாக ஒன்றைப் பொருத்தினார்கள். எடுத்த எலும்பை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டுக்கொண்டு ஆராய்ச்சி மாணவி இளவரசி கட்டிலருகே வந்தாள். (ஆராய்ச்சிக்காரி ஆயிற்றே என்று அவளுக்குக் கண்ணாடி மாட்டினேன். பொருந்தவில்லை, கழற்றிவிட்டேன்.)

“எடுத்துக்கம்மா. அத வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?” என்றார் அக்கா.

“உங்க வயசு?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் கணவர் அருள்சாமி முந்திக்கொண்டார். “எனக்கு அறுபத்தொண்ணும்மா. அவ என்னவிட மூணு வயசு சின்னவ.”

இளவரசி பொறுமையாக விளக்கினாள். “மாதவிடாய் நின்னதும் பெண்களுக்கு எலும்புல கால்சியம் வேகமா கொறையும் சார். ஆம்பளைங்களுக்கு மெதுவாத்தான் கொறையும். ஈயம் மாதிரி சிலது வயசாக ஆகச் சேர்ந்துக்கினே போவும். அதான் வயசு சரியா வேணும்.”

அருள்சாமி காதில் ‘கொறையும்’ மட்டும்தான் விழுந்தது. “அம்பத்தெட்டுலயே உளுத்துப்போச்சே! நான்தான் புல்லுக்கட்டு தூக்க வச்சே இவ எலும்பத் தேச்சிட்டேன்” என்று வார்டே பார்க்க அழுதார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

3

அவர் டீ வாங்கப் போனதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

“லட்சுமி, நான்தான்டி அவரவிட மூணு வயசு பெரியவ. கல்யாணம் பேசச்சொல்ல, பொண்ணு சின்னதா இருக்கணும்னு எங்க பெரியப்பா ஆறு வயசக் கொறச்சிட்டாரு. எனக்கு ஞானஸ்நானம் குடுத்தது வேற ஊரு பங்குக் கோயில்ல. அந்தப் பதிவ யாரு போய்ப் பாக்கப் போறா?”

ஆத்தாடி!

இளவரசியின் காதில் உண்மை வயதை அக்காவே ஓதிவிட்டார். ஆக, எலும்பு ஆராய்ச்சி பிழைத்தது. அருள்சாமிதான் பிழைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கேழ்வரகுக் கூழும் நெத்திலியுமாக ஊட்டித் தள்ளுகிறார். ஊட்டும்போதெல்லாம் “எல்லாம் என்னாலதான்” என்கிறார். கண் வேறு கலங்குகிறது.

“சொல்லிடுங்கக்கா. பாவம், வீணா நொந்துக்கினு கிடக்கிறாரு” என்றேன்.

“இத்தினி வருஷம் ஏமாத்திட்டியான்னு கேட்டா, எந்த மூஞ்ச வச்சிக்கினுடி அவரப் பாப்பேன்?”

4

முடிவு ஒன்று: அக்கா சொல்கிறார், அருள்சாமி கத்துகிறார். (அந்த மனுஷனுக்குக் கத்தவே வராது. இந்த முடிவை அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: “எனக்கு அப்பவே தெரியும் மேரி” என்று அவர் சிரிக்க... (போதும், போதும்.)

முடிவு மூன்று: நானே போய்ச் சொல்கிறேன். இதை அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

“நீ வாயத் தொறந்தேன்னா உன் வூட்டுப் பக்கமே வர மாட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கதையில வேணா எழுதிக்க. பேர மட்டும் மாத்திடு” என்றார்.

5

மாற்றிவிட்டேன். இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. வாசகர்களே, நீங்கள் எழுந்து போய் வேலையைப் பாருங்கள். ஒருவர் மட்டும் இருங்கள்.

அண்ணே, உங்கள் பெயர் அருள்சாமி இல்லை, தெரியும். இந்தப் பத்திரிகையை விளம்பரம்கூட விடாமல் படிக்கிறவர் நீங்கள். அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதச் சொன்னார். அவர் எலும்பை நீங்கள் தேய்க்கவில்லை. அவருக்கு உங்களைவிட வயது கூட, அவ்வளவுதான்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் படித்து முடித்துவிட்டீர்களா என்று அவர் கதவோரம் எட்டிப் பார்ப்பார். ஏதாவது சொல்லுங்கள்.