குழிக்குள் பாம்பு

"கட்டினவன் தொழில்ல மூக்க நுழைக்கிற பொம்பளைய இந்த வீட்டுலதான் பாக்குறேன்!"

மாமியார் இப்படிச் சொன்னதும் அவருடைய மகன் மேஸ்திரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஆண்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் அந்த வீட்டில் அது பெரிய விஷயம். மருமகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் மீதியை அவளே மதியத்துக்குக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் அப்படி என்ன சொல்லிவிட்டாள்? குழி ஓரத்தில் குவித்திருக்கும் மண்ணைக் கொஞ்சம் தள்ளிக் கொட்டலாமே என்று சொன்னாள்.

"ரெண்டு நாளா மழை வேற. ஆபீசர் மூணடி தள்ளிக் கொட்டச் சொல்றாருல்ல?"

"அவரு புஸ்தகத்துல படிச்சதச் சொல்றாரு. நான் இருபது வருஷமா மண்ணுல கெடக்குறேன். மூணடி தள்ளிக் கொட்டினா நடை எவ்ளோ ஆகும் தெரியுமா? வேலை எப்ப முடியும்?"

"நடக்கப்போறது நாங்க. வலி உங்க காலுக்கா?"

மேஸ்திரியின் தம்பிக்கு வாயில் இருந்த கவளத்தோடு சிரிப்பு வந்து புரையேறியது. அதற்குப் பிறகுதான் மாமியார் வாயைத் திறந்தார். மருமகளுக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். உடம்பும் அப்படி, பேச்சும் அப்படி. இப்போது வீட்டில் மட்டுமல்ல, வேலை நடக்கும் இடத்திலும் அவள் ஊசிதான்.

கழிவுநீர்க் குழாய் பதிக்கக் குழி தோண்டும் வேலை. ஒன்றரை ஆள் ஆழம். தோண்டுவது பன்னிரண்டு ஆண்கள். வாளியில் வரும் மண்ணைக் கயிற்றால் இழுத்து மேலே கொட்டுவது எட்டுப் பெண்கள். தினமும் காலை ஏழரைக்குத் தகரக் கொட்டகையில் பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். ஆபீசர் சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர், தொண்டை வறளப் பேசுவார். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்டு, தாளில் கையெழுத்துப் போடுவார்கள். அந்த நேரத்தில் பெண்கள் கொட்டகைக்குப் பின்னால் உள்ள குழாயில் எல்லோருக்கும் தண்ணீர் பிடிப்பார்கள்.

"பொம்பளைங்களுக்கு எதுக்கு சார் மீட்டிங்? அந்த நேரத்துல தண்ணியாவது வந்து சேரும்" என்று முதல் நாளே மேஸ்திரி சொல்லியிருந்தார். ஆபீசருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஆகவே, விளிம்பிலிருந்து மூன்றடிக்குள் மண்ணைக் கொட்டாதீர்கள் என்று ஆபீசர் தினமும் சொன்னார். மண்ணைக் கொட்டாதவர்களிடம் சொன்னார்.

ஊசிக்கு மட்டும் அது எட்டியது. தகரத்துக்கு அந்தப்பக்கம் பேச்சு தொடங்கியதும் அவள் குழாயை நூலாகத் திருகிவிடுவாள். சத்தம் அடங்கிவிடும். குடம் நிறைய யுகமாகும்.

"என்னடி இது, குழந்தைக்குச் சங்குல பால் புகட்டுற மாதிரி?" என்று பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள்.

"பொறுங்கக்கா, காதும் நெறையணும்ல" என்பாள்.

அன்று காலைச் சண்டைக்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. கணவர் காட்டிய இடத்திலேயே, குழியின் ஓரத்திலேயே கொட்டினாள். மண்மேடு அவள் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பதினொரு மணி வாக்கில் வாளியைக் கவிழ்த்தவள் கீழே பார்த்தாள். மேட்டுக்கும் குழிக்கும் நடுவே ஒரு கோடு. குச்சியால் கிழித்த மாதிரி நேராக, பத்தடி நீளத்துக்கு ஓடியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிச் சுவரிலிருந்து பட்டாணி பட்டாணியாக மண் உதிர்ந்தது.

மண் உதிர ஆரம்பித்தால் யோசிக்காதீர்கள், மேலே ஏறுங்கள் என்று தகரத்துக்கு அந்தப்பக்கத்திலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

அந்த இடத்தில் கீழே நான்கு பேர். குழாய் மட்டம் பார்க்க இறங்கிய மேஸ்திரி, அவருடைய தம்பி, இன்னும் இருவர்.

"ஏங்க, மேல வந்துடுங்க! மண்ணு விரிசல் விடுது!"

"ஆரம்பிச்சுட்டியா? வீட்டுல பாடினது போதாதா?"

"தம்பி, நீயாவது ஏறு!"

தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மட்டப்பலகையைப் பார்த்தார். "நாலு ஆம்பளைங்க வேலை செய்யற எடத்துல கத்தாதடி. மானம் போகுது."

மற்ற இருவரும் சிரித்தார்கள். மேஸ்திரியின் பெண்டாட்டி கத்துவதைக் கேட்டு ஏணியில் ஏறினால், நாளைக்கு ஊரே சிரிக்குமே!

கோட்டுக்குள் இப்போது அவள் சுண்டுவிரல் போகும். சொன்னால் கேட்கமாட்டார்கள், கெஞ்சினாலும் கேட்கமாட்டார்கள். அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"ஐயோ, பாம்பு! பாம்பு! உங்க கால்கிட்ட!"

அடுத்த நொடி ஏணி கொள்ளவில்லை. நான்கு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் மிதித்து ஏறினார்கள். ஒருவருடைய லுங்கி ஏணியில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியாக வந்த மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து ஊசி பின்னால் இழுத்தாள்.

"எங்கடி பாம்பு?" என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் சுவர் சரிந்தது. மேடும் சேர்ந்து போனது. பெரிய சத்தம்கூட இல்லை. மட்டப்பலகை, கடப்பாரை, லுங்கி எல்லாம் உள்ளே. ஏணியின் மேல்படி இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன.

தம்பி தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஆபீசர் ஓடிவந்தார். எல்லோரும் பிழைத்ததைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டார்.

"பாம்பு சார்" என்றார் லுங்கி இழந்தவர், யாருடைய துண்டையோ சுற்றிக்கொண்டு. "நல்ல நேரத்துல வந்துச்சு."

"நானே பாத்தேன் சார். கருப்பா, கை தடிமன்" என்றார் மேஸ்திரி.

ஆபீசர் எழுதிக்கொண்டார்: குழிக்குள் பாம்பு புகுந்ததால் தொழிலாளர்கள் வெளியேறினர். உயிர்ச்சேதம் இல்லை.

மாலைக்குள் அந்தப் பாம்பு ஆறடி வளர்ந்துவிட்டது. "வாயில்லா ஜீவன், நாலு உசுரக் காப்பாத்திடுச்சு" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாயுள்ள ஜீவன் பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி அடுப்படி வாசலில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நெசமாவே பாம்பு இருந்துச்சா?"

"நீங்கதானே பாத்தீங்க. கருப்பா, கை தடிமன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஏழரைக்குக் கூட்டம் தொடங்கும்போது கொட்டகையில் இடம் போதவில்லை. முன்வரிசையில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன இது? தண்ணி யாரு புடிக்கிறது?" என்றார் மேஸ்திரி.

"அந்தப் பாம்பு புடிச்சுட்டு வரும்" என்றாள் ஊசி.

எட்டுப் பெண்களும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். சிரித்தபடியே எழுந்து, இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். அண்ணன் அவனைத் தடுக்கவில்லை.

ஆபீசர் எட்டு முகங்களையும் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். நேற்று தான் எழுதிய பாம்பு அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது.

"மண்ணைக் கொட்டறது நீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இது தெரிய உங்களுக்கு இத்தனை நாளா சார்?" என்றாள் ஊசி.

அன்று கூட்டம் வழக்கம்போலப் பத்து நிமிடத்தில் முடியவில்லை. பெண்கள் கேள்வி கேட்டார்கள். ஈர மண் என்றால் எத்தனை அடி? குழிச் சுவர் சரியாமல் பலகை முட்டு எப்போது கொடுப்பது? விரிசலைப் பார்த்தால் யாரிடம் சொல்வது? அவர் கேட்காவிட்டால்? கடைசிக் கேள்விக்கு ஆபீசர் கொஞ்சம் யோசித்தார். "என்கிட்ட வாங்க. வேலைய நான் நிறுத்தறேன்" என்றார்.

கையெழுத்துத் தாள் கைமாறி வந்தது. அதில் பன்னிரண்டு கோடுகள். பன்னிரண்டும் ஆண்களுக்கு. ஊசி மேலும் கீழும் பார்த்தாள். இடம் இல்லை.

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பதிமூணுன்னு போட்டுக்கம்மா" என்றார் ஆபீசர்.

அவள் 'ஒன்று' என்று எண் போட்டு, தன் பெயரை எழுதத் தொடங்கினாள்.