மருந்துச் சாப்பாடு

அம்மாவின் கீழுதட்டை ஸ்பூனால் லேசாக அழுத்தினாள் இளையவள். கஞ்சி தாடையில் வழிந்தது. வாய் திறக்கவில்லை. அம்மாவின் பார்வை கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூத்தவள் மேல் இருந்தது.

"மொட்டையச் சாப்பிடச் சொல்லு. அப்புறம் நான் சாப்பிடுறேன்."

மூத்த மகள் தலைமழித்துத் துறவியானதிலிருந்து அம்மாவுக்கு அவள் மொட்டைதான். முதலில் சேர்ந்த பௌத்த மடத்தில் மதியத்துக்குப் பிறகு சோறு கிடையாது. வீட்டுக்கு வந்தாலும் பொழுது சாய்ந்தால் வெறும் தண்ணீர். பெற்ற பெண்ணுக்கு ஒரு ராத்திரி சோறு போட முடியவில்லையே என்பது அம்மாவின் தீராத குறை.

இப்போது அக்கா வேறு மரபில் இருக்கிறாள். பழைய மடத்தில் பெண்களுக்கு முழுத் தீட்சை இல்லை. எத்தனை வருஷம் இருந்தாலும், நேற்று சேர்ந்த ஆண் துறவியின் காலில் விழுந்துவிட்டு அடுப்படிக்குத்தான் போகவேண்டும். கேட்டுப் பார்த்தாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தீட்சை தருகிற மடத்துக்குப் போய், காவியைக் கழற்றிச் சாம்பல் நிற அங்கியைப் போட்டுக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளாக மறுபடி தொடங்கினாள். அங்கே ராத்திரியும் சாப்பிடலாம். மருந்து என்று சொல்லிச் சாப்பிடுவார்களாம். அன்று மத்தியானம்தான் அதை அம்மாவிடம் சொல்லியிருந்தாள். "அப்ப நான் போடுற மருந்தையும் தின்னு" என்று அம்மா சிரித்தாள்.

சொந்தத்துக்கு இதில் விளங்கியது ஒன்றே ஒன்று. பசி தாங்காமல் மடம் மாறிவிட்டாள் என்று ஒரு கல்யாணத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னவள் அத்தை. அந்த அத்தை இப்போது அறை வாசலில், பக்கத்து வீட்டுப் பெண்களோடு, உள்ளே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா தட்டுக்குக் கை நீட்டினாள். இளையவளுக்குக் காது சுட்டது.

"அவ ராத்திரி சாப்பிட மாட்டாம்மா. உனக்குத் தெரியாதா?" என்றாள், வாசல்வரை கேட்கும்படி.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் இளையவள். பெண்களுக்கு மட்டும் சம்பளத்தைக் குறைத்த மேனேஜரிடம் மேஜையைத் தட்டி நியாயம் கேட்டவள். அவ்வளவு படிப்பும் ஒரு அத்தைக்கு முன்னால் பல்லிளித்துவிட்டது.

 அக்கா நீட்டிய கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

தகனம் முடிந்து வந்ததிலிருந்து அத்தைக்கு ஒரே பேச்சு. பெற்றவள் சாகக் கிடந்து கெஞ்சியும் ஒரு வாய் தொடவில்லையாம், அப்படி ஒரு வைராக்கியமாம், தெரியாமல் தான் என்னென்னவோ பேசிவிட்டாளாம். கேட்ட பெண்கள் அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார்கள். இளையவளுக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்த மறுகணமே அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. துக்கவீட்டில் காலையிலிருந்தே யாரும் அக்காவுக்குச் சாப்பாடு கொடுத்திருக்கவில்லை. இளையவள் அவளை அடுப்படிக்குள் கூட்டிப்போய், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சோறு போட்டாள்.

"சாப்பிடுக்கா. யாரும் வர மாட்டாங்க."

அக்கா சோற்றைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"கதவத் தொற. சாப்பிடுறேன்."

"அத்தை உக்காந்திருக்குக்கா."

"தெரியும்."

இளையவள் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். வெளியே அத்தை, புதிதாக வந்த யாருக்கோ மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள். இரும்பு விரலில் குளிர்ந்தது. கை அங்கேயே இருந்தது.

அக்கா கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள். தங்கையின் கையை மெதுவாக நகர்த்தி, தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே போனாள்.

சோற்றைத் திரும்பப் பானையில் போடுவதா, மூடி வைப்பதா என்று தெரியாமல் இளையவள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். கூடத்தில் பெண்கள் அக்காவுக்கு மரியாதையாக இடம்விட்டு நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.