லாலெவிச் வீட்டு அடுப்பு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: வீட்டுத் தலைவர் வுகோத்தா, அவர் மகன் ஒப்ராத், மருமகள் யெலிகா, வுகோத்தாவின் அக்கா அஞ்ஜா, ஒப்ராதின் ஞானத்தகப்பன் பெரிஷா, அவன் மனைவி மில்கா, பாதிரியார் சாவா. வேறு யாரும் இல்லை. "நானும் அங்கேதான் இருந்தேன்" என்று பிற்பாடு சந்தையில் சொன்னவர்களைக் கணக்கெடுத்தால் அந்த அறை கொள்ளாது. அத்தனை பேரும் பொய்யர்கள்.

வீட்டுப் புனிதரின் திருநாளுக்கு அந்த மலையில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. தாமாகவே வருவார்கள். வருகிறவர்களுக்கு அறை சூடாக இருக்க வேண்டும், மேசை நிறைந்திருக்க வேண்டும், வீட்டுத் தலைவர் உட்காராமல் நின்றபடியே உபசரிக்க வேண்டும். வுகோத்தா வீட்டில் ஒரு வருடமும் இதில் குறை வந்ததில்லை. அந்த வருடம், திருநாளுக்குச் சில நாள் முன்பு, பழைய அடுப்பின் அடித்தகடு இற்றுப்போய் தணல் பலகைத் தரையில் கொட்டியது. மறுநாளே பனி விழத் தொடங்கியது. ஒப்ராத் பள்ளத்தாக்குக்குப் போய், வண்டியில் ஓர் இரும்பு அடுப்போடு திரும்பினான்.

"யார் வீட்டுது?" என்றார் வுகோத்தா.

"நல்ல வார்ப்பிரும்பு அப்பா. ஏத்துறதுக்கு நாலு பேர் வேண்டியிருந்துச்சு."

"கனத்தைக் கேக்கல. யார் வீட்டுது?"

"லாலெவிச் வீட்டுது. கடைசிப் பையனும் வியன்னாவுக்குப் போயிட்டான். அவன் அத்தை மட்டும்தான் இருக்கு. சாமான் எல்லாத்தையும் வித்துக்கிட்டிருக்கு."

வுகோத்தாவுக்கு உச்சந்தலை கொதித்தது. ஊற்றுத் தண்ணீருக்காக லாலெவிச் குடும்பத்தோடு மூன்று தலைமுறை வழக்கு. அவர்கள் வீட்டு வாசலை இந்த வீட்டுக் கால் அதுவரை மிதித்ததில்லை.

"அவன் பாட்டன் குளிர் காஞ்ச அடுப்புக்கு முன்னாடி நின்னு நான் என் புனிதருக்கு மெழுகுவத்தி ஏத்தணுமா?"

"அப்ப வெறைச்சுக்கிட்டே ஏத்துங்க மாமா," என்றாள் யெலிகா. "அஞ்ஜா அத்தைக்கு ரெண்டு கம்பளி சேத்து வைக்கிறேன்."

 வுகோத்தா அடுப்பைக் கொட்டகையில் இறக்கச் சொன்னார். யாரும் அதைத் தொடக்கூடாது, தானே செப்பனிடுவேன் என்றார். லாலெவிச் வீட்டுக் கரி ஒரு துளிகூடத் தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதுதான் அவர் எண்ணம்.

கம்பி பிரஷை எடுத்து, எதிரியின் தோலை உரிப்பதுபோலத் துருவை உரித்தார். உள்ளே வெடித்திருந்த சூளைச் செங்கற்களைப் பெயர்த்துப் புதியவற்றை வைத்துக் களிமண்ணால் பூசினார். கதவு விளிம்பில், புகை கசியாமல் அடைக்கிற கயிறு நைந்து கிடந்தது; அதைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கயிறு ஒட்டினார். அடுப்புக் கதவில் லாலெவிச்சின் முதலெழுத்து புடைத்து நின்றது. அதை அரத்தால் ராவித் தேய்த்தார், உப்புத்தாளால் தேய்த்தார். தேய்த்த இடம் மட்டும் தனியாகப் பளபளத்தது. அதைப் பார்க்கப் பார்க்க எழுத்து இன்னும் அங்கேயே இருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. அந்த மலையில் எல்லோரும் அடுப்புக்குப் பூசுகிற வெள்ளிப் பெயின்டை எடுத்து அதன்மேல் பூசினார். காய்வதற்குள் இன்னொரு பூச்சு. திருநாளுக்கு முந்தின மாலை, போதாதென்று மூன்றாவது.

யெலிகா டப்பாவைக் கையில் எடுத்துப் படித்தாள். "மாமா, மெல்லிசா பூசணுமாம். மொதல் தடவை வெளியில வச்சு, கொஞ்சமா எரிச்சு, பெயின்டைச் சுடவைக்கணுமாம். இல்லேன்னா புகையுமாம்."

"முத்தத்துல நெருப்பு மூட்டுறது பன்னி அறுக்கிற அன்னிக்கு, தண்ணி கொதிக்க வைக்க. குடும்பத்து அடுப்பு வீட்டுக்குள்ளதான் எரியும். டப்பா எனக்குச் சொல்லிக் குடுக்குதா?"

திருநாள் காலையில் அடுப்பை அறைக்குள் நகர்த்தி, புகைக்குழாயைச் சுவரில் பொருத்தி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தார்கள். குழாய் நேராக நின்றது. ஒரு கசிவும் இல்லை. விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. வுகோத்தா காய்ந்த விறகுக் கட்டைகளை அடுப்பு வாய் நிறைய அடுக்கி மூட்டினார். நெருப்பு குமுறிக்கொண்டு பிடித்தது. எல்லோரும் கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தார்கள்.

பாதிரியார் ரொட்டியை வெட்டக் கையில் எடுத்தபோது அடுப்பின் மேல்தகட்டிலிருந்து நீலப் புகை எழுந்தது. பிறகு நான்கு பக்கமிருந்தும். கண் எரிந்தது, தொண்டை கமறியது. வெள்ளிப் பூச்சு கொப்புளித்துப் பாலாடைபோல் சுருங்கியது.

"ஜன்னலைத் தொறக்கறேன்," என்றாள் யெலிகா.

"தொறந்தே, தெரியும் சேதி!" என்று கத்தினாள் அஞ்ஜா. "எதுத்தாப்புல கதவு! ஊடுகாத்து அடிச்சா என் சிறுநீரகம் போச்சு!"

"மொத்தத்துல மூச்சு போகப்போகுது அத்தை!"

"புகையில யாரும் சாகல பொண்ணே," என்றான் பெரிஷா இருமிக்கொண்டே. "ஊடுகாத்துல என் மாமன் போய்ச் சேந்தாரு. இடது காது வழியா ஏறுச்சு."

எதிரெதிர் வாசல் வழியாகப் பாயும் ஊடுகாற்று ஆளைக் கொல்லும் என்ற அந்த மலையின் நம்பிக்கை பாதிரியாருக்கும் உண்டு. தாடிக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டார். ஏழு பேர் நீலப் புகைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் திணறிக்கொண்டிருக்க, யெலிகா எழுந்து போய் ஜன்னலையும் கதவையும் சேர்த்தே விரியத் திறந்தாள்.

காற்று உள்ளே பாய்ந்தது. அஞ்ஜா மேசைவிரிப்பை இழுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். தட்டுகள் சரிந்தன. மில்கா தொப்பியால் காதுகளை மூடினாள். புனிதரின் மெழுகுவர்த்திச் சுடர் படுத்து நீலமானது. அதை அணைக்கும் உரிமை வீட்டுத் தலைவருக்கு மட்டும்தான், அதுவும் திராட்சை மதுவால். காற்றில் அணைந்தால் அந்தக் குடும்பம் அணைகிறது என்பார்கள். வுகோத்தா பாய்ந்து, கோட்டை விரித்துச் சுடரைத் தன் மார்போடு மறைத்தார். சட்டைக் கை கருகிற்று. அவர் நகரவில்லை. அப்படியே நின்றபடி, "சாமி, ரொட்டியை வெட்டுங்க," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

வெட்டினார்கள். கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, ஆறிப்போன முட்டைக்கோஸ் உருண்டைகளைத் தின்றார்கள். மூன்றாவது கோப்பை மதுவுக்கு யாரும் நிற்கவில்லை. பகல் வெளிச்சத்திலேயே வீடு காலியாயிற்று. அன்றிரவு வுகோத்தா படுக்கவில்லை. அடுப்பில் கட்டை மேல் கட்டையாக வைத்து, பெயின்ட் முழுவதும் கருகித் தீரும்வரை எரித்தார். விடிந்தபோது புகை இல்லை. அறை வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்த சந்தை நாளில் மதுக்கடைக்குள் அவர் நுழைந்ததும் அங்கிருந்தவர்கள் ஆறுதலாக ஆளுக்கொரு கோப்பையை அவர் முன் தள்ளினார்கள். பெரிஷா சில நாளாக ஊரெல்லாம் பரப்பிய கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். லாலெவிச் வீட்டுக் கிழவி விரிசல் விட்ட அடுப்பைக் களிமண் பூசி மறைத்து விற்றுவிட்டாளாம். திருநாளைக் கெடுக்கவென்றே செய்தாளாம். அதைக் கேட்டவர்கள் யாரும் இத்தனை நாளாக அவள் வீட்டுச் சாமானை வாங்கப் போகவில்லை. கட்டில், பீரோ, தறி எல்லாம் பனியில் முற்றத்தில் கிடந்தன.

"விடுங்கப்பா," என்று கூட வந்த ஒப்ராத் காதோடு சொன்னான். "நமக்கு நல்லதாத்தானே பேசறாங்க."

வுகோத்தாவுக்கு அந்தத் திருநாளில் வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது. கைத்தடியால் மேசையில் ஓங்கி அடித்தார். கோப்பைகள் துள்ளின.

"பெரிஷா, என் வீட்டு மானத்துக்கு உன் பொய்யை முட்டுக் குடுக்கச் சொல்லி நான் உன்கிட்ட கேட்டேனா?"

"உனக்காகத்தானேப்பா..."

"வாயை மூடு. எல்லாரும் கேளுங்க. அடுப்புல விரிசல் கெடையாது. காயாத பெயின்ட் புகைஞ்சுது. பூசினது நான்."