எழுப்ப ஆளில்லாத வீடு

சிறைத்துறை அதிகாரியம்மா வந்து உட்கார்ந்ததும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்டனையின் கடைசி வருடத்தைச் சொந்தக்காரர் வீட்டிலோ அரசாங்க விடுதியிலோ கழிக்கலாம் என்று புதுச் சட்டம் வந்ததிலிருந்து, தம்பியை வீட்டுக்குக் கொண்டுவர அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தன் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. வண்டி திருடி உள்ளே போனவன் முதல் தடவை வெளியே வந்தபோது வேலையும் இல்லை, ஏனென்று கேட்க நாதியும் இல்லை. வந்த வேகத்தில் திரும்பிப் போனான். இந்தத் தடவை சட்டமே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை வாங்கித் தந்திருக்கிறது. உள்ளே கற்ற தொழில்தான். சோறு போட அவள் இருக்கிறாள். இன்னும் என்ன வேண்டும்?

"உங்க தம்பி விடுதிக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேட்டிருக்காரும்மா," என்றார் அதிகாரியம்மா.

அக்கா சட்டென்று வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கறே? நான் வாயே தொறக்கல," என்றார் அவர். இந்த ஒரு விஷயத்தில் அது நிஜம்தான்.

தம்பி சுவரோரம் நின்றிருந்தான். உட்காரச் சொன்னால்தான் உட்காருவான். தண்ணீர் குடிக்கக்கூட "எடுத்துக்கலாமாக்கா?" என்று கேட்பான். சின்ன வயதில் இவனுக்கு வாலு என்றுதான் பெயர். சைக்கிளில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவன், இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டுவிடுவான். "பாவி, புடிடா," என்று அவள் முதுகில் மொத்த மொத்த இன்னும் வேகமாக மிதிப்பான். வீட்டில் என்ன சமைத்தாலும் அவள் தட்டில் இருப்பதுதான் அவனுக்கு ருசி. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், கூடவே கண்ணும் நிறையும். அந்த வாலுவை எங்கே வைத்துப் பூட்டிவிட்டு இந்தப் பரம சாதுவை அனுப்பினார்களோ.

"இங்க உனக்கு என்னடா குறை?"

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா." தரையையே பார்த்தான். "ஜெயில்ல அஞ்சரைக்கு மணி அடிப்பாங்க, எந்திரிச்சிடுவோம். இங்க இருட்டோட முழிச்சிக்கிறேன். எந்திரிக்கலாமா கூடாதான்னு தெரியல. அப்படியே படுத்துக் கெடக்கேன். விடுதியில மணி உண்டாம்."

தம்பி நன்றாகத் தூங்கட்டும் என்று காலையில் ஒரு பாத்திரம் உருளாமல் பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தவள் அவள். வீட்டுக்காரர் இருமினால்கூட முறைப்பாள்.

"ஒரு வாரம் குடுங்கம்மா," என்று அதிகாரியம்மாவிடம் கேட்டாள். "அப்பவும் போறேன்னான்னா, நானே பெட்டி கட்டி அனுப்பறேன்."

மறுநாள் ஐந்தரைக்குத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவன் அறை வாசலில் நின்று அடித்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "வீடாடி இது, ஜெயிலா?" என்று முனகினார் வீட்டுக்காரர். தம்பி எழுந்தான். போர்வையை நாலாக மடித்தான். கட்டிலருகே விறைப்பாக நின்றான். அவளுக்கு அழுகை முட்டியது, ஆனாலும் விடவில்லை. தினமும் அடித்தாள். தினமும் எழுந்தான், மடித்தான், நின்றான்.

ஞாயிற்றுக்கிழமையும் அடித்தாள். மறுநாள் அதிகாரியம்மா வந்துவிடுவார். கட்டிலில் அசைவே இல்லை. பயந்துபோய் இன்னொரு தரம் அடித்தாள்.

"ஞாயித்துக்கெழமகூடவாக்கா?" என்றது ஒரு சலித்த குரல். கண்ணைத் திறக்காமலே போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

அவள் கரண்டியை ஓங்கியபடியே நின்றாள். பிறகு கட்டிலருகே போய், அவன் காதுக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அதில் ஓர் அடி அடித்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கால் நீண்டு, தட்டை எட்டி உதைக்கத் துழாவியது.