வணக்கம் சொல்லாத வீரன்

பறக்கவும் தெரியும், விண்மீனை எடைபோடவும் தெரியும். ஆனாலும் சாந்தோ டொமிங்கோவின் மேட்டுத்தெருவில் தியோஃபிலோவுக்கு யாரும் காப்பி கொடுக்கவில்லை. வழியில் விழுந்து கிடந்த மரத்தைத் தூக்கிப் போட்டவன், அங்கே நின்றவர்களுக்கு வணக்கம் சொல்லவில்லை.

"மாட்டுக் கொட்டகையிலயா வளந்தே? ஒவ்வொருத்தருக்கும் வணக்கம் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம்!" என்று சீறினாள் அதே தெருவில் குடியிருக்கும் நெரெய்டா.

மறுநாள் அவள் ஏறிய பஸ், பிரேக் பிடிக்காமல் கடலை நோக்கி உருண்டது. தியோஃபிலோ பறந்து வந்து ஜன்னல் ஜன்னலாகக் குனிந்தான்.

"வணக்கம் ஐயா. வணக்கம் அக்கா. பாப்பாவுக்கும் வணக்கம்."

"பஸ்ஸப் பிடிடா, பாவி!" என்று அலறினாள் நெரெய்டா.

"இன்னும் நாலு பேர் பாக்கிம்மா."

கடலோரச் சுவரை உரசும்போதுதான் பஸ்ஸைப் பிடித்து நிறுத்தினான். புயலில் இறந்துபோன கணவன் வழக்கமாக உட்கார்ந்துவந்த பக்கத்து இருக்கையை நெரெய்டா தட்டினாள்.

"வந்து உக்காரு. டிரைவருக்கு வணக்கம் சொன்னியா?"