கரை பிடிக்காத மை

லேபிள் எழுதுகிறவனுக்குக் கெண்டைக்கால் இரண்டும் கருங்கல்லாக இறுகிவிட்டன. கட்டிலை விட்டிறங்கி வாசற்கதவை நோக்கி அவன் நடக்கத் தொடங்கி ஒரு வாரமாகிறது, இன்னும் வந்து சேரவில்லை. நடுவே ஒரு பாய் விரிக்கத்தான் இடம். மனைவி உள்ளே போனால் அவளுக்கு அது வெறும் தரை. அவள் நெருங்க நெருங்க அவன்தான் அதே அளவு தள்ளிப்போனான். அவன் தலைக்கு மேல் மட்டும் இரண்டு முறை மழை பெய்ததால் தாகத்தில் சாகாமல் பிழைத்தான். “வேலைக்கு மட்டம் போட எங்கண்ணன் இதுக்கு மேலயும் பண்ணும், அண்ணி” என்று முதல் நாள் நாத்தனார் சிரித்தாள். அவன் ஈறில் ரத்தம் கசிந்த பிறகு சிரிக்கவில்லை. அந்தக் காலத்துக் கப்பல்காரர்களை வாரிக்கொண்டு போன வியாதி அது. அதற்கு மருந்தென்று வாசலிலிருந்து எறிந்த எலுமிச்சம்பழங்கள் அவனை எட்டாமல் அறை நடுவில் மிதந்துகொண்டிருந்தன.

மனைவி மைப் பட்டறையில் சாயம் கலக்குகிறவள். மரக்கப்பலேறித் திக்குத் தெரியாத கடலுக்குப் போன மாலுமிகளின் நினைவாக ஒரு பேனா மை வேண்டுமென்று முதலாளி கேட்க, ‘மாலுமி நீலம்’ செய்தவள் அவள்தான்: ஈரத்தில் ஆழ்கடல், காய்ந்தால் மழைமேகம். லேபிள் புருஷனின் கையெழுத்து. மிச்சமிருந்த ஒரு லேபிளை அன்றுதான் நிதானமாகப் படித்தாள்: ‘துணியில் கரை பிடிக்காது.’

“ஏங்க, இதுல எந்த ர போட்டீங்க?”

“சின்ன ர. ஏன்?”

“பாவி மனுஷா! துணியில படுறது பெரிய ற. சின்ன ர போட்டா அது கப்பல் போய்ச் சேர்ற கரை!”

அவன் கொஞ்ச தூரம் நடந்தான். “அந்த மையில என் பேரை எழுதிப் பாத்தேன்டி. மூடியத் திருகி மறுபடி பெட்டியிலயே வெச்சிட்டேன். ஒரு சொட்டு குறைஞ்சா யாருக்குத் தெரியும்னு...”

பெட்டிகள் கடைகளுக்குப் போயாகிவிட்டன; அவன் தொட்ட புட்டி எதுவென்று தெரியாது. நாத்தனாரைக் காவல் வைத்துவிட்டு, பிளேடும் கறுப்புப் பேனாவுமாக அவள் கடை கடையாக ஏறி, புட்டி புட்டியாகச் சின்ன ரவைச் சுரண்டிப் பெரிய ற போட்டாள். “எழுத்துப் பிழைக்கா இந்த ஓட்டம்? எவன் படிக்கிறான்?” என்றார் ஒரு கடைக்காரர். “எழுதினவன் வீட்ல முழுகிட்டிருக்கான், அண்ணாச்சி. தள்ளுங்க.” வீட்டில் அவன் நடப்பதை நிறுத்திப் படுத்துவிட்டான், தூரத்துப் படகுபோல் சிறுத்துக்கொண்டே போனான். நாத்தனார் பெயர் சொல்லிக் கத்தினாள், திரும்பவில்லை. எந்தக் கடையில் எந்தப் புட்டியில் ற விழுந்ததோ, திடீரென்று அவன் தலை கதவில் மடாரென்று மோதியது.

அது தெரியாமல் மிச்சக் கடைகளையும் முடித்துவிட்டுத்தான் அவள் வந்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து எலுமிச்சையைத் தோலோடு தின்றுகொண்டிருந்தான். கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு காலைப் பிடித்துவிட்டாள். அந்த அறையில் இப்போதும் சாயங்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறி இறங்குகிறது. கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டார்கள்.

கடைசிக் கடையில் ஒரு புட்டி சின்ன ரவோடேயே முன்பே விற்றுப்போயிருந்தது. மகளுக்குக் கடிதம் எழுத வாங்கிப் போனாளாம் ஒரு பெண். பேரும் தெரியாது, தெருவும் தெரியாது. அவளுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கரை பாக்கி வைத்திருக்கிறார்கள்.