வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்து

விசாரணைக்கு வரச் சொல்லி ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைச் சண்முகவள்ளி மூன்று முறை படித்தாள். ஊராட்சி உறுப்பினராகி இரண்டு வருடத்தில் அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். யாரிடமிருந்து ஒளிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே இருந்த அவர்கள் ஊரில் மிளகாய் அரைக்க ஒரே மில்தான். அது ஊராட்சித் தலைவர் மலையாண்டியின் மச்சினனுடையது. புருஷனை இழந்த வெள்ளையம்மாள், தன் வீட்டை ஒட்டி இன்னொரு மில் போட அனுமதி கேட்டு மனுக் கொடுத்தாள். மிளகாய் நெடி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஊராட்சி தீர்மானம் போட்டு மறுத்தது. பள்ளிக்கூடமோ ஊரின் மறுகோடியில் இருந்தது. வெள்ளையம்மாள் விடவில்லை, மேல்முறையீடு செய்துவிட்டாள்.

அந்தத் தீர்மானத்தில் சண்முகவள்ளியின் கையெழுத்தும் இருந்தது. தலைவரின் ஆள் நோட்டை நீட்டியபோது பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. எப்போதும் அப்படித்தான் போட்டுக்கொடுப்பாள்.

மறுநாள் காலையில் மலையாண்டியே வாசலுக்கு வந்தார். உட்காரவில்லை.

"என்ன தவசி, பயிரு எப்படி இருக்கு?" என்று அவள் கணவனைக் கேட்டார். தவசி குத்தகைக்கு உழுதது அவருடைய நிலத்தை.

"நல்லா இருக்குங்க."

"இன்னும் ரெண்டு தண்ணி வேணும்ல?" என்றவர் சண்முகவள்ளியின் பக்கம் திரும்பினார். "புதன்கிழமை ஜீப்புல வந்துரு தாயி. கேட்டா ஆமான்னு சொல்லு. அம்புட்டுதான்."

அவர் தெருமுனை திரும்பும்வரை இருவரும் அசையவில்லை.

"ஆமான்னு சொல்லிரு," என்றான் தவசி.

"கூட்டம்னு ஒண்ணு நடந்துச்சான்னே எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதவளாவே இரு."

புதன்கிழமை ஜீப்பில் மற்ற மூன்று உறுப்பினர்களுக்கு நடுவே அவளை உட்கார வைத்தார்கள். வழி நெடுக யாரும் அவளிடம் பேசவில்லை. 'ஆமாங்கய்யா' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அலுவலகத்தில் வெள்ளையம்மாள் தனியாக நின்றிருந்தாள். இவள் முகத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஆகஸ்டு இருபத்தேழு, காலை பதினோரு மணி, தலைவர் தலைமையில கூட்டம்," என்று அதிகாரி வாசித்தார். "நீங்கள்லாம் இருந்தீங்களா?"

மூன்று பேரும் ஆமாம் என்றார்கள். சண்முகவள்ளிக்குத் தேதி அப்போதுதான் உறைத்தது.

"நீங்கம்மா?"

பின்னால் மலையாண்டி தொண்டையைச் செருமினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுதுதாங்கய்யா."

"கூட்டத்துல இருந்தீங்களா?"

"இல்லைங்கய்யா." சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகம். நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு நயினார்கோவில்ல என் தங்கச்சி மக கல்யாணம். தலைவரும் வந்திருந்தாரு. பதினோரு மணிப் பந்தியில எனக்கு எதுத்தாப்புலதான் சாப்பிட்டாரு."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு மலையாண்டியைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது மலையாண்டி அவளருகே வந்து, "பஸ்ஸுல வந்துரு," என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது.

பஸ்ஸில் வெள்ளையம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு மதினி இப்படிச் சொன்னீங்க? எனக்கே பயமா இருக்கு."

"தெரியலயே," என்றாள் சண்முகவள்ளி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களின் முகத்தை இருவரும் பார்த்தார்கள்.

ஊரில் இறங்கியபோது தவசி காத்திருந்தான். "நம்ம வயலுக்கு வர்ற வாய்க்கால அடச்சுட்டாங்க," என்றான். அவளைத் திட்டவில்லை. வீடுவரை அவளுக்குப் பின்னாலேயே, அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி நடந்து வந்தான்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. மறுத்த தீர்மானம் செல்லாது, அனுமதி கொடுக்க வேண்டும் என்று. அதற்குள் தவசியின் பயிர் பாதி கருகிவிட்டது. தை பிறந்ததும் நிலமும் கைவிட்டுப் போனது. அவன் உப்பூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினான். வெள்ளையம்மாளின் மில் சித்திரையில் ஓடியது.

சண்முகவள்ளிக்கு இன்னும் இரண்டரை வருடம் பதவி இருந்தது. ஒரு கூட்டத்தையும் அவள் விடவில்லை. கதவோரத்து நாற்காலியில்தான் உட்காருவாள். அங்கிருந்தால் சட்டென்று எழுந்து ஓடலாம்.